கொக்கு இறக்காத கால்

அந்தக் காலத்தில், மீனும் தவளையும் மரமும் புழுவும் ஒரே பேச்சில் சண்டை போட்டு ஒரே பேச்சில் சமாதானமான காலத்தில், கொக்கு இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்கும். இலை மேல் முதுகை வளைத்து வளைத்து நடக்கிற பச்சைப் புழு இருக்கிறதே, அதுவும் அப்போது வளையாது. மற்ற புழுக்கள் மாதிரி வயிறு முழுக்கக் கால் வைத்துக்கொண்டு, சமனாக ஊர்ந்து போகும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டது ஒரே ஒரு காலைப்பொழுது.

குமிழங்குளம் என்று ஒரு ஊற்றுக் குளம். மழைக்கு ஏறாது, வெயிலுக்கு இறங்காது. தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். கரையிலிருந்து இறங்க ஐந்து கல்படி. மேலேயிருந்து வந்தால் ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. ஒன்றாம் படிக்குக் கீழே ஒரு சரிவுக் கல். அந்தக் கல் தண்ணீரைத் தொடும் இடத்துக்குச் சுழி, அதாவது பூஜ்யம், என்று பெயர். அதற்குக் கீழே தண்ணீருக்குள்ளும் படி உண்டு. கீழ் ஒன்று, கீழ் இரண்டு என்று அது பாட்டுக்கு ஆழத்துக்குப் போகும்.

அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்தாலும், இறகு உள்ளவரானாலும், நடந்துதான் இறங்க வேண்டும், நடந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் நின்று அதன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கால் போகாத இடத்துக்கு வாய் போகக் கூடாது. மீறினவருக்கு அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. நரி ஒன்று ஒரு தரம் எண் சொல்லாமல் குதித்துவிட்டு, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு தாகத்தோடு ஊரைவிட்டே போனது. அதிலிருந்து ஒருவரும் மீறவில்லை. எண் சத்தம் கேட்டால் குளத்தில் இருக்கிறவர்கள் உஷாராகிவிடலாம். அதற்குத்தான் வழக்கமே.

ஆனால் கொக்கு ஒன்று இருந்தது. நெடுமூக்கர் என்று பெயர். வழக்கத்தை மீறாமலே வயிற்றை நிரப்பத் தெரிந்தவர். ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று சாமி கும்பிட வந்தவர் மாதிரி நிதானமாக இறங்குவார். ஒன்றாம் படிக்கு வந்ததும் "ஒன்று" என்பார். அடுத்த மூச்சில் "சுழி" என்பார். அவ்வளவுதான், சரிவுக் கல்லை ஒரே எட்டில் தாண்டித் தண்ணீருக்குள் கால், காலுக்குப் பின்னாலேயே மூக்கு.

பெரிய தவளைகளுக்குக் கவலை இல்லை, ஒரே தாவில் போய்விடுவார்கள். வால் மட்டும் உள்ள சின்னத் தலைப்பிரட்டைகளுக்கும் கவலை இல்லை, அடியில் கிடப்பார்கள். மாட்டிக்கொண்டது நடுப்பிள்ளைகள். வாலும் போகவில்லை, காலும் சரியாக வரவில்லை. தண்ணீருக்குள் மூச்சு முட்டும். கல்லோரத்துக்கு வந்து காற்று வாங்க வேண்டும். தாவலாம் என்றால் வால் இழுக்கும், முங்கலாம் என்றால் மூச்சு இழுக்கும். நெடுமூக்கரின் காலைச் சாப்பாடு அவர்கள்தான்.

குளத்துக்கு மணியக்காரர் ஒரு பெருந்தவளை. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு வைத்திருந்தார். வால் பிள்ளைகளுக்கு நத்தை சொல்லிக்கொடுக்கும். கால் பிள்ளைகளுக்கு ஆமை சொல்லிக்கொடுக்கும். நடுப்பிள்ளைகளை இரண்டு பேரும் சேர்க்கவில்லை. "இதுகள் வாலா காலா என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு வரட்டும்" என்றது ஆமை. "எந்நேரமும் கேள்வி. ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறார்கள்" என்றது நத்தை.

அந்தச் சமயத்தில்தான் கரையிலிருந்த பூவரசிலிருந்து நெளியாள் என்கிற பச்சைப் புழு வந்து நின்றாள். வயசும் அதிகமில்லை, ஆளும் பெரிதில்லை. பூவரசு இலை தின்ன மணியக்காரரிடம் அனுமதி கேட்டாள்.

மணியக்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தக் குளத்தில் ஒன்று என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் பங்கு. நீ ஒன்றுகூட இல்லையே அம்மா. என் கால் விரலில் பாதி இருப்பாயா?"

"பாதி இருந்தால் பாதி என்று எண்ணுங்களேன்" என்றாள் நெளியாள்.

"ஒன்று இருக்கிறது, சுழி இருக்கிறது. நடுவில் என்ன எண்?" என்று மணியக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை. "சரி, நடு நடு என்கிறாயே. நடுப்பிள்ளைகள் நாற்பது பேர் சும்மா சுற்றுகிறார்கள். அவர்களை மேய்த்துக்கொள். இலையைத் தின்றுகொள்."

இப்படித்தான் நெளியாள் வாத்தியார் ஆனாள். சேரும்போது நாற்பது பேர். ஒரு மாதம் போகவில்லை, காலையில் பெயர் கூப்பிட்டால் இருபத்து மூன்று குரல்தான் வந்தது. குரல் வராத பெயரை அவள் மறுநாளும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

பாடம் பூவரசு இலையில்தான். இலையைக் கடித்து இரண்டாக்குவாள். "இது அரை." அரையை இரண்டாக்குவாள். "இது கால்." காலை இரண்டாக்கினால் அரைக்கால். அரைக்காலை இரண்டாக்கினால் வீசம். "முழு இலையைப் பதினாறாக வகுத்தால் அதில் ஒன்று வீசம். என்ன?" என்பாள். "என்னக்கா?" என்று எல்லாரும் திரும்பக் கேட்பார்கள்.

துடுப்பன் என்று ஒருவன். வால்தான் அவனுக்கு உடம்பில் பாதி. ஒரு நாள் இலையைப் பங்கு போடும்போது, "எனக்கு நாலில் ஒன்று வேண்டாம், எட்டில் ஒன்று குடுக்கா" என்றான்.

"எதற்குடா?"

"எட்டு நாலை விடப் பெரிசு. எனக்குத் தெரியாதா?"

நெளியாள் இலையைக் கடித்து வகுத்தாள். பக்கத்தில் இருந்த வாலம்மைக்கு நாலில் ஒன்றைக் கொடுத்தாள். துடுப்பனுக்கு எட்டில் ஒன்றைக் கொடுத்தாள். துடுப்பன் தன் இலையைப் பார்த்தான், வாலம்மையின் இலையைப் பார்த்தான், திரும்பத் தன் இலையைப் பார்த்தான்.

"எட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்தால் உனக்கு நிறைய வருமா, நாலு பேர் உட்கார்ந்தால் நிறைய வருமா?" என்று வாலம்மை வாய் நிறைய இலையோடு கேட்டாள்.

"நீ பேசாமல் தின்னுடி" என்றான் துடுப்பன். ஆனால் அந்தப் பாடம் அவனுக்கு ஆயுசுக்கும் மறக்கவில்லை. வயிறு படித்த பாடம் அல்லவா.

வெயில் ஏறி, தண்ணீர் அசையாமல் கிடக்கிற நேரத்தில் வேறொரு பாடம். சரிவுக் கல்லின் மேல் பச்சைப் பாசியால் பொட்டு வைப்பாள். அந்தக் கல் நெளியாளின் உடம்பு நீளத்துக்குச் சரியாகப் பதினாறு இருந்தது. சுழியிலிருந்து எட்டு உடம்பு ஏறினால் அரை. நாலு ஏறினால் கால். இரண்டு ஏறினால் அரைக்கால். ஒன்று ஏறினால் வீசம். பன்னிரண்டு ஏறினால் முக்கால். ஐந்து பொட்டு வைத்துவிட்டு, "இப்போது தண்ணீருக்குள் பாருங்கள்" என்பாள்.

மேலே இருக்கிற ஐந்து பொட்டும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும்.

"மேல் அரை எவ்வளவு உயரமோ கீழ் அரை அவ்வளவு ஆழம். மேல் கால், கீழ் கால். சுழிதான் நடுவில் கண்ணாடி. மேலே போகப் போக எண் பெரிசு. கீழே போகப் போக?"

"பெரிசு!" என்றான் துடுப்பன்.

"முங்கி முங்கி ஆழத்துக்குப் போகிறவனை உயரமாகப் போய்விட்டான் என்று சொல்வாயா?"

"சிறிசு, சிறிசு" என்று அவசரமாக மாற்றிக்கொண்டான்.

எல்லாரும் சிரித்து அடங்கின பிறகு வாலம்மை தலையைத் தூக்குவாள். தினமும் அவளுக்கு ஒரே கேள்விதான். "அக்கா, வீசத்துக்கும் சுழிக்கும் நடுவில் என்ன இருக்கு?"

"ஒன்றும் இல்லை. வீசம் என் ஒரு உடம்பு. அதைவிடச் சின்னதை எதை வைத்து அளப்பேன்? வீசந்தான் கடைசி."

"ஒன்றுக்கும் சுழிக்கும் நடுவிலும் ஒன்றும் இல்லை என்றுதானே மணியக்காரர் தாத்தாவும் சொன்னார்?"

நெளியாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாக்கு நீளம்டி உனக்கு. வாலைவிட நாக்கு நீளம். போய் உட்கார்." வாலம்மை போய் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்த பிறகும் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் நெளியாள் சரிவுக் கல்லின் மேல் தனியாகக் கிடந்து யோசித்தாள். ஐந்து பொட்டு இருக்கிறது. ஒவ்வொரு பொட்டுக்கும் கொக்கு நின்று எண் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஆனால்? அந்த ஐந்து எண்ணைச் சொல்கிற நேரத்தில் பிள்ளைகள் அல்லி இலைக்கு அடியில் போய்விடலாமே. மணியக்காரரிடம் ஓடினாள். புழு எங்கே ஓடுவது, ஊர்ந்தாள். அவர் கேட்டுவிட்டு, "நெடுமூக்கர் ஒப்புக்கொண்டால் எனக்கென்ன" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நெடுமூக்கர் ஒன்றாம் படிக்கு வந்து "ஒன்று" என்றார். அடுத்த மூச்சை இழுப்பதற்குள், "நில்லுங்கள் ஐயா!" என்று ஒரு குரல் வந்தது. குனிந்து பார்த்தார். சரிவுக் கல்லின் நடுவில் பச்சையாக ஒரு புழு.

"ஒன்றுக்கும் சுழிக்கும் நடுவில் எண் இருக்கிறது. சொல்லாமல் போனால் வழக்கம் மீறினதாகிவிடும்."

"நடுவில் எண்ணா?" நெடுமூக்கருக்குச் சிரிப்பு. "எத்தனை?"

"முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம். பொட்டு வைத்துக் காட்டியிருக்கிறோம்."

நெடுமூக்கர் ஐந்து பொட்டையும் பார்த்தார். தண்ணீரோரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இருபத்து மூன்று பிள்ளைகளையும் பார்த்தார். ஐந்து வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இதுகள் ஊர்ந்து போவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விளையாட்டு மாதிரி இருக்கட்டும்.

"மணியக்காரரே, கேட்டுக்கொள்ளும்" என்று கழுத்தை நீட்டிக் கத்தினார். "இறங்கும்போதும் சரி, ஏறும்போதும் சரி, நடுவில் எண் என்று நீங்கள் காட்டுகிற எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் காலை வைப்பேன். ஒன்றை விட்டாலும் இந்தக் குளத்துத் தண்ணீர் என் தொண்டையில் இறங்க வேண்டாம். என் மூக்கின் மேல் ஆணை!"

கரையில் இருந்த தவளை, நண்டு, ஓணான் எல்லாரும் கேட்டார்கள்.

"முக்கால்" என்று ஒரு காலை வைத்தார்.

"ஓடுங்கள்!" என்றாள் நெளியாள். பிள்ளைகள் அல்லி இலையைப் பார்த்து வாலை அடித்தார்கள்.

"அரை." இன்னொரு கால். "கால்." பாதிப் பேர் இலைக்கு அடியில். "அரைக்கால்." துடுப்பன்கூடப் போய்விட்டான். "வீசம்."

நெளியாள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். எல்லாரும் போய்விட்டார்கள். ஒருத்தியைத் தவிர.

வாலம்மையின் பின்னங்காலில் அல்லிக்கொடி சுற்றியிருந்தது. சரியாகச் சுழியில், கல்லும் தண்ணீரும் சேரும் கோட்டில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்க இறுகியது. மேலே நெடுமூக்கரின் நிழல் விழுந்தது. அவர் பாதம் வீசத்தில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சொல் பாக்கி. சொல்லிவிட்டுக் காலை வைத்தால் அடுத்தது மூக்கு.

அவர் வாயைத் திறந்தார். "சு..."

"அக்கா!" வாலம்மை அழவில்லை, கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "வீசத்துக்கும் சுழிக்கும் நடுவில் என்னக்கா இருக்கு?"

நெளியாளுக்கு அந்த நேரத்தில் பதில் தெரியாது. அவளிடம் இருந்ததெல்லாம் அவள் உடம்பு ஒன்றுதான், அது ஒரு வீசம் நீளம், அதைவிடச் சின்ன அளவு அவளிடம் இல்லை. இல்லை என்று சொல்லிச் சொல்லித்தானே அந்தப் பிள்ளையை உட்கார வைத்தாள். இலையை இரண்டாக்கத் தெரிந்தவளுக்குத் தன்னை இரண்டாக்கத் தோன்றவில்லையே!

"இருக்குடி!" என்று கத்தினாள்.

நெடுமூக்கரின் கால் விரலுக்கு முன்னால் போய்த் தலையை ஊன்றினாள். வாலைப் பிடித்து முன்னால் இழுத்தாள். முதுகு அதுவரைக்கும் வளைந்ததே இல்லை. நடு உடம்பு வலியில் விண்ணென்று தெறித்தது. கல்லை இறுகப் பிடித்திருந்த நடுக்கால்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. அவள் விடவில்லை. முதுகு வில்லாக மேலே எழும்பியது. தலைக்கும் வாலுக்கும் நடுவில் இருந்த தூரம் பாதியாகிவிட்டது.

"அரை வீசம்!" தண்ணீருக்கும் தனக்கும் நடுவில் அளந்து பாசியைத் தீற்றினாள். "எண் இருக்கிறது ஐயா. சொல்லிவிட்டு வையுங்கள்."

நெடுமூக்கர் திறந்த வாயை மூடினார். "சரி, அரை வீசம்" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுக் காலைத் தூக்கினார்.

நெளியாள் இன்னும் இறுக்கி வளைந்தாள். வாலும் தலையும் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டன. "கால் வீசம்!"

"கால் வீசம். போதுமா?" கால் அந்தரத்தில் நின்றது.

"போதாது மாமா!" இது துடுப்பனின் குரல். அல்லி இலைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். பயந்துகொண்டே நீந்தித் திரும்பி வந்தான். "அதுக்கும் சுழிக்கும் நடுவில் அரைக்கால் வீசம் இருக்கு. எங்க அக்கா இலையில் காட்டியிருக்காங்க, எதை வகுத்தாலும் பாதி உண்டு." வால் நுனியால் ஒரு பொட்டுத் தொட்டு வைத்தான்.

"அரைக்கால் வீசம்" என்றார் நெடுமூக்கர். கால் இன்னும் கீழே வரவில்லை. அவர் பாதம் அகலம். எங்கே வைத்தாலும் சொல்லாத எண் ஏதாவது அடியில் மாட்டும்.

"அதில் பாதி!" என்றாள் இன்னொருத்தி, வெளியே வந்து.

"பெயர் இல்லாததெல்லாம் எண்ணா?"

"அதில் பாதி என்பதுதான் மாமா அதன் பெயர். சொல்லுங்கள்."

"அதில் பாதி."

"அதுக்கும் பாதி!" "அதுக்கும் பாதி மூக்கு மாமா!" இருபத்திரண்டு தலைகளும் அல்லி இலைகளுக்கு வெளியே வந்துவிட்டன. ஒவ்வொருவரும் ஒரு பாதி காட்டினார்கள். பாசிப் பொட்டு மணல் அளவு ஆயிற்று, மணலில் பாதி ஆயிற்று, பிறகு கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவு ஆயிற்று. ஆனாலும் தண்ணீர்க் கோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருந்தது. அந்த மயிரிழையிலும் ஒரு பாதி இருந்தது.

அந்தக் கூச்சலில் இரண்டு பேர் முங்கிப் போய் வாலம்மையின் காலில் இருந்த கொடியைக் கடித்து அறுத்துவிட்டார்கள். விடுபட்டவள் நேராக இலைக்கு அடியில் போய் ஒளிந்தாளா என்றால் இல்லை. சுழிக் கோட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "அதுக்கும் சுழிக்கும் நடுவில் என்ன இருக்கு மாமா?" என்று கேட்டாள். தினமும் திட்டு வாங்கித் தந்த கேள்வியை அன்று ஆசை தீரக் கேட்டாள். நெளியாள் அவளைப் போய் உட்கார் என்று சொல்லவில்லை.

வெயில் ஏறியது. நெடுமூக்கர் பாதி பாதி என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஒரு கால் கல்லில், ஒரு கால் அந்தரத்தில். வாய் உலர்ந்தது. தண்ணீர் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, ஆனால் கால் போகாத இடத்துக்கு வாய் போகக் கூடாதே.

"மணியக்காரரே! இதெல்லாம் ஒரு நியாயமா? இதற்கு முடிவே இல்லையா?"

பெருந்தவளை காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒன்றும் இல்லை என்று வயிறு குலுங்கச் சிரித்தவர், இப்போது எண்ணி எண்ணித் தலை சுற்றிப் போயிருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நெடுமூக்கரே, காட்டுகிற எல்லாவற்றையும் சொல்வேன் என்று ஆணையிட்டவர் நீர். அவர்கள் காட்டுகிறார்கள். நீர் சொல்லும்."

"அப்படியானால் திரும்பி ஏறிப் போகிறேன், விடுங்கள்!"

"ஏறும் வழியிலும் எண் இருக்கே மாமா" என்றான் துடுப்பன். "அரைக்காலுக்கும் காலுக்கும் நடுவில் ஒன்று இருக்கு. அதுக்கும் காலுக்கும் நடுவில் ஒன்று..."

நெடுமூக்கர் கடைசி நம்பிக்கையோடு தண்ணீரைக் குனிந்து பார்த்தார். எப்படியாவது இந்தச் சுழியைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைத்தவர் மாதிரி. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கல்லில் இருந்த பொட்டு எல்லாம் உள்ளே தலைகீழாகத் தெரிந்தன. பாதி, பாதியில் பாதி, கீழ் வீசம், கீழ் அரைக்கால், கீழ் கால்...

"அது என்ன?" என்றார், குரல் கம்மிப் போய்.

"சுழிக்கு அந்தப் பக்கமும் இதே அளவு எண் இருக்கிறது ஐயா" என்றாள் நெளியாள். "அதையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்."

அதோடு கொக்கின் கழுத்து தொங்கிவிட்டது. அந்த நீளக் கழுத்து அப்படித் தொங்கியதை அந்தக் குளம் அதுவரை பார்த்ததில்லை.

"தோற்றுப் போனேன். உங்கள் குளத்துக்கே வரவில்லை. பசிக்கு ஏதாவது ஒரு ஓரம் மட்டும் விடுங்கள்" என்றார்.

பிள்ளைகள் நெளியாளைப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் வலி, வளைந்த முதுகு நிமிர மறுத்தது. ஆனாலும் இலை தின்று உயிர் வாழ்கிறவளுக்குப் பசி தெரியும். "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்றாள்.

துடுப்பன் முன்னால் வந்தான். "கரையை நாலாக வகுத்து ஒன்று தரலாம் மாமா. நாலில் ஒன்று."

தோற்றாலும் நெடுமூக்கருக்குக் கௌரவம் போகவில்லை. "நாலா? விடிந்ததிலிருந்து ஒற்றைக் காலில் நின்றவனுக்கு நாலா? எட்டுக்குக் குறைந்து வாங்க மாட்டேன்!"

துடுப்பன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஓடியது. அதை விழுங்கிவிட்டு, "எட்டா! எட்டில் ஒன்றா! ஐயோ, தாங்காதே மாமா" என்று வாலால் முகத்தை மூடிக்கொண்டான்.

பையன் பயந்துவிட்டான் என்று கொக்குக்குத் தைரியம் வந்தது. "எட்டும் வேண்டாம். பதினாறு! பதினாறில் ஒன்று கொடுத்தால் வாங்குவேன்!"

"டேய், டேய்!" மணியக்காரர் பதறிப் போய் எழுந்தார். "பதினாறா? குளமே போய்விடுமடா!"

"தாத்தா, நீங்க சும்மா இருங்க" என்று வாலம்மை அவர் காலைப் பிடித்து இழுத்தாள்.

துடுப்பன் பெருமூச்சு விட்டான். "சரி மாமா. நீங்கள் பெரியவர். கேட்டுவிட்டீர்கள். பதினாறில் ஒன்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலைத் தூக்கி, பாதி பாதியாக எண்ணிவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். எண்ணி முடிவதற்குள் யார் ஓடினாலும் அது அவர்கள் பாடு."

"ஆகட்டும்" என்றார் நெடுமூக்கர், பெரிய சொத்து வாங்கினவர் மாதிரி.

பிள்ளைகள் பாசிப் பொட்டுகளை வாலால் துடைத்துவிட்டார்கள். காட்டாத எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கு படியேறி, தன் பதினாறில் ஒன்றைப் பார்க்கப் போனது. கரையோரத்தில் கோரைப் புல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. நடந்து அளந்து பார்த்தது. திரும்ப அளந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தது. துடுப்பனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். எட்டில் ஒன்றை வாங்கின அன்று அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. இப்போது தண்ணீருக்குள் முங்கி, குமிழி குமிழியாகச் சிரித்தான்.

மறுநாள் காலையில் நெளியாள் பெயர் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன் அக்கா" என்று ஒரு குரல். எண்ணினாள். இருபத்து மூன்று. நேற்றும் இருபத்து மூன்று. திரும்ப எண்ணினாள். சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இருந்தன. அதற்கு அடுத்த நாளும் இருந்தன. வால் உதிர்ந்து அவர்கள் எல்லாரும் பெரிய தவளையாகித் தாவிப் போகிற நாள் வரைக்கும் அந்த எண் குறையவே இல்லை.

பாடம் முடிந்து அவள் சரிவுக் கல்லில் ஏறினாள். நடுவில் கால் இல்லாததால் ஊர வரவில்லை. தலையை ஊன்றி, வாலை இழுத்து, முதுகை வில்லாக்கி, பிறகு நீட்டி, முழு வீசமும் அரை வீசமுமாக அளந்துகொண்டே நடந்தாள். படியில் உட்கார்ந்திருந்த மணியக்காரர் அவளைப் பார்த்ததும் உடம்பை நகர்த்தி இடம் விட்டார். பிறகு குளம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ராஜா வருகைக்குக் கட்டியம் சொல்கிற குரலில் கத்தினார்:

"வீசம் வருகிறது! வழி விடுங்கள்!"

இருபத்து மூன்று பிள்ளைகளும் தண்ணீரை அடித்து ஆரவாரம் செய்தார்கள். நெளியாள் பூவரசில் ஏறி, நல்ல தளிராகப் பார்த்து ஒன்றைக் கடித்தாள்.

அன்று முதல்தான் அந்தப் பச்சைப் புழு போகிற இடமெல்லாம் முதுகை வளைத்துப் பாதியும் முழுசுமாக அளந்துகொண்டு போகிறது. அன்று முதல்தான் கொக்கும் தண்ணீரோரத்தில் ஒரு மூலையாகப் பார்த்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. தூங்குகிறது என்றோ தவம் செய்கிறது என்றோ நினைத்துவிடாதீர்கள். பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்னும் சுழி வரவில்லை.